காவிரியில் தண்ணி மட்டும்தான் வருதா?

ஜூன் 12 நெருங்கினா போதும், நம்ம ஆளுங்க அத்தனை பேருக்கும் மேட்டூர் நீர்மட்டம் மனப்பாடம் ஆயிடும். இன்னிக்கு எத்தனை அடி, நேத்து எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. பிலிகுண்டுலு எந்த மாவட்டத்துல இருக்குன்னு கேட்டா முழிக்கிறவன்கூட, அங்க விநாடிக்கு எத்தனை கனஅடி ஓடுதுன்னு டீக்கடையில கைகலப்பு வரைக்கும் போவான். தப்பே இல்லை. சண்டை போட வேண்டிய விஷயம்தான்.

எனக்கு ஊர் பவானி. கூடுதுறையில காவிரியும் பவானியும் சேர்ற இடத்துல குளிச்சு வளர்ந்தவன். பொழப்பு பெங்களூர்ல. ஊருக்குப் போனாலும் காவிரி, இங்க குழாயைத் திறந்தாலும் காவிரி. காவிரிப் பிரச்சனை வந்தா ரெண்டு ஊர்லயும் திட்டு வாங்கற அபூர்வப் பிறவி :-) அந்த உரிமையில ஒரு கேள்வி கேக்கறேன்.

தண்ணியை இவ்வளவு கவனமா எண்றோமே, அந்தத் தண்ணியோட கூட வர்ற மண்ணை யாராவது எண்றோமா?

2007-ல நடுவர் மன்றம் தீர்ப்பு சொல்லும்போது 740 டி.எம்.சி.யைப் பிரிச்சுக் குடுத்தாங்க. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, பிலிகுண்டுலுவில் நமக்கு 177.25 டி.எம்.சி.ன்னு சொல்லிச்சு. பெங்களூருக்கு 4.75 கூட்டிக் குடுத்தாங்க. எத்தனை பதிவு, எத்தனை விவாதம்! எல்லாம் தண்ணிக் கணக்கு. அந்தத் தண்ணி விழற நிலம், அதாவது 81,155 சதுர கிலோமீட்டர் வடிநிலம், அது எந்த நிலைமையில இருக்குங்கிற கணக்கு யார் வாயிலயும் வரலை. இதுல பாதிக்கு மேல தமிழ்நாட்டுலதான் இருக்கு. 43,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. அப்போ "அவன் விடலை, இவன் குடுக்கலை"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாத கணக்கு இது.

மேட்டூர் அணை 1934-ல முடிஞ்சுது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. ஆனா அது அணையோட ஜாதகத்துல எழுதின கணக்கு. 90 வருஷமா ஆறு கொண்டுவந்து கொட்டின சேறு உள்ள கிடக்குதே, அதுக்குக் கீழ தண்ணி நிக்காது. 2017 கோடையிலதான், 83 வருஷம் கழிச்சு முதல் தடவையா, அணைக்குள்ள வண்டல் அள்ளவே விட்டாங்க. விவசாயிங்க வண்டி கட்டிக்கிட்டு வந்து அள்ளினாங்க. நல்ல காரியம். ஆனா வர்ற மண்ணை மேல நிறுத்தாம கீழ அள்ளிக்கிட்டே இருக்கறது, குழாயை மூடாம தரையைத் துடைக்கிற கதை.

"விழிப்புணர்வு இல்லீங்க"

சரி, மேல ஏன் நிக்கலை? இந்தக் கேள்விக்கு நம்ம பக்கங்கள்ல எப்பவும் ஒரே பதில்தான். "மலை விவசாயிகளுக்கு மண்வளப் பாதுகாப்பு பத்தி விழிப்புணர்வு இல்லை." போன மாசம் எனக்கு வந்து சேர்ந்த ஒரு கட்டுரையிலும் இதே வரி. கூடவே இலவச இணைப்பா, மரம் நடுவோம், மாணவர் பேரணி நடத்துவோம், துண்டுப் பிரசுரம் குடுப்போம்.

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏன்னு சொல்றேன்.

எமரால்டு பக்கம் ஒரு கேரட் தோட்டம். மலைச்சரிவுல மேலருந்து கீழ நேரா பாத்தி பிடிச்சிருக்கு. மழை பெஞ்சா மேல்மண் அப்படியே வழுக்கிக்கிட்டு அணைக்குள்ள போகும். அங்க பயிர் பண்ற அண்ணன்கிட்ட, படிச்ச திமிர்ல கேட்டேன். "ஏண்ணா, குறுக்கால பாத்தி போட்டா மண்ணு நிக்குமில்ல?"

அவர் சிரிச்சார். "நிக்கும் தம்பி. எங்க தாத்தாவுக்கே தெரியும். தண்ணியும் கூடவே நிக்கும். கிழங்கு அழுகிடும். தண்ணி நிக்காம, மண்ணு மட்டும் நிக்கணும்னா படி வெட்டிக் கல்லு கட்டணும், ஓரமா வடிகால் எடுக்கணும். இது என் நிலமா? ஒரு வருஷக் குத்தகை. நான் கல்லு கட்டி வச்சா அடுத்த வருஷம் குத்தகையை ஏத்திக் கேப்பாங்க."

இவருக்கு எந்த விழிப்புணர்வு பாக்கி இருக்குன்னு சொல்லுங்க? மண் அரிப்பைப் பத்தி மூணு வரியில பாடம் நடத்திட்டார். கூடவே பொருளாதாரமும்.

ஊட்டியில மத்திய அரசோட மண் - நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954-லிருந்து இருக்கு. உள்பக்கம் சாய்ஞ்ச படிமட்டம் வெட்டினா மண் அரிப்பு எவ்வளவு குறையும்னு அப்பவே அளந்து சொல்லிட்டாங்க. எழுபது வருஷமா தெரிஞ்ச விஷயம். அப்போ பிரச்சனை அறிவுல இல்லை. வேற எங்கியோ இருக்கு. எங்கன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வரிசையா சொல்றேன்.

1. நிலம் யாருது?

கல்வரப்பு பத்து, இருபது வருஷத்துக்குப் பலன் தர்ற முதலீடு. முதல் ரெண்டு மூணு வருஷம் நஷ்டம்கூட வரும். படி வெட்டும்போது அடிமண் மேல வந்துடும், விளைச்சல் குறையும். படிகளோட சுவருக்கே கொஞ்சம் நிலம் போயிடும்; சரிவு கூடக் கூட அதுவும் கூடும். பத்து வருஷம் அந்த நிலம் தன் கையில இருக்கும்னு தெரிஞ்சவன்தான் இதைச் செய்வான். ஒரு வருஷக் குத்தகைக்காரன் செய்ய மாட்டான். செஞ்சா அவன் ஏமாளி. நிலத்துக்காரரோ கோயமுத்தூர்லயோ பெங்களூர்லயோ இருப்பார். அவருக்கு அது மண்ணு இல்லை, 'வியூ'. என்னிக்காவது ரிசார்ட்காரன் வருவான்னு காத்துக்கிட்டு இருக்கிற சொத்து.

2. மரம் யாருது?

தலைக்காவிரி இருக்கிற குடகுக்கு வாங்க. காபித் தோட்டம்னா நம்ம மனசுல வர்றது பெரிய பெரிய காட்டு மரம், நிழல்ல காபிச்செடி. பலா, அத்தி, நூக்க மரம். ஆயிரக்கணக்கான ஏக்கர் காபி அந்த நிழல்லதான் வளர்ந்துச்சு. அந்த வேர்தான் சரிவைப் பிடிச்சு வச்சிருக்கு.

இப்போ நிறைய தோட்டத்துல நெட்ட நெட்டையா சில்வர் ஓக் நிக்கும். ஏன்? குடகுல 'பாணே'ன்னு ஒரு வகை நிலம் உண்டு. வயலோட ஒட்டிக் குடுத்த மேட்டுநிலம். பணம் கட்டி மர உரிமையை மீட்காத பாணே நிலத்துல, தானா முளைச்ச மரம் சர்க்காருக்குச் சொந்தம். நூறு வருஷம் நீ காப்பாத்தினாலும் விழுந்தா உனக்கில்லை. சில்வர் ஓக் நீ நட்ட மரம், சீக்கிரம் வளரும், மிளகுக்கொடி ஏத்தலாம், வெட்டி விக்கறதும் சுலபம்.

இப்போ சொல்லுங்க, நீங்க அந்தத் தோட்டக்காரரா இருந்தா எந்தக் கன்னை விட்டு வைப்பீங்க? காட்டு மரத்தைக் காப்பாத்தணும்னு போட்ட சட்டமே, காட்டு மரம் முளைக்கும்போதே பிடுங்கிப் போடற காரணமா ஆயிடுச்சு. இதே குடகு ஜனங்கதான் 1,200-க்கும் மேல 'தேவரகாடு', அதாவது சாமிக்காடு, தலைமுறை தலைமுறையா காப்பாத்தி வச்சிருக்காங்க. அவங்களுக்குப் போய் மரத்தோட அருமையைப் பத்தி துண்டுப் பிரசுரம் குடுப்பீங்களா?

3. சந்தையில என்ன விலை?

தேயிலையை எடுத்துக்கோங்க. நல்லா கவனிச்ச தேயிலைத் தோட்டம் தரையை மூடி நிக்கும், மண்ணைப் பிடிச்சு வைக்கும். ஆனா 2000 வாக்குல நீலகிரியில பசுந்தேயிலை விலை விழுந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் சிறு விவசாயி தலை நிமிரவே இல்லை. 2023-ல கூட கட்டுபடியாகிற விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தாங்க. விலை இல்லாதப்போ கவாத்து கிடையாது, உரம் கிடையாது, செடி செத்த இடத்துல மறுநடவு கிடையாது. அந்த இடைவெளியில மண் அரிக்கும். இன்னும் முடியலைன்னா பிடுங்கிட்டு கேரட். இல்லேன்னா வித்துட்டுக் கோயமுத்தூர்.

கொல்லிமலையிலயும் இதே கதைதான். அந்த மலைத் தண்ணியும் அய்யாறு வழியா காவிரிக்குத்தான் வருது. சாமையும் தினையும் விதைச்ச சரிவுல மரவள்ளி வந்துச்சு. கீழ சேலம், நாமக்கல்ல ஜவ்வரிசி ஆலை இருக்கு, காசு கையில வருது. மரவள்ளியைத் தோண்டித்தானே எடுக்கணும்? ஒவ்வொரு அறுவடைக்கும் சரிவு முழுக்கக் கிளறி விட்ட மாதிரி. அதுக்காக அந்த மக்களை "சாமைக்குத் திரும்புங்க"ன்னு சொல்றதுக்கு நாம யாரு? நாம சாமை வாங்கறோமா?

4. திட்டம் முடிஞ்சா யாரு?

நீர்வடிப்பகுதித் திட்டம்னு 1995-லிருந்து தேசம் முழுக்க ஒரே வழிகாட்டு நெறி வந்துச்சு. அப்போ ஒரு ஹெக்டேருக்கு 4,000 ரூபாய். 2008-ல சமவெளிக்கு 12,000, மலைக்கு 15,000. 2021-ல வந்த அடுத்த சுற்றுல 22,000, 28,000. நல்ல நல்ல வேலையும் நடந்திருக்கு, மறுக்கலை. ஆனா எல்லாமே நாலஞ்சு வருஷக் கணக்கு. போட்டோ எடுத்து, போர்டு நட்டு, கோப்பை மூடிடுவாங்க. ஏழாவது வருஷ மழையில வரப்பு உடைஞ்சா? அந்த போர்டுலயே எழுத்து அழிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. சரிவு வருவாய்த்துறைக்கு, மேல காடு வனத்துறைக்கு, தடுப்பணை வேளாண் பொறியியலுக்கு, கீழ அணை மின்வாரியத்துக்கோ நீர்வளத்துறைக்கோ. மழைக்கு இந்தத் துறையெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு மேலருந்து கீழ வரும்.

மரம் நட்டா போதுமே?

இதுவும் வரும்னு தெரியும், அதனால இப்பவே சொல்லிடறேன். எங்க, என்ன மரம்னு கேக்காம நட்டா நஷ்டம்தான். நீலகிரி உச்சியில இயற்கையா இருந்தது புல்வெளியும் சோலையும். புல்வெளியைத் 'தரிசு'ன்னு நினைச்சு சீகையும் யூகலிப்டஸும் நட்டாங்க. கிளன்மார்கன் பக்கம் ரெண்டு சிறு நீர்ப்பிடிப்பை எடுத்து, ஒண்ணைப் புல்லாவே விட்டு, இன்னொண்ணுல யூகலிப்டஸ் நட்டு, ஊட்டி ஆராய்ச்சி மையம் வருஷக்கணக்கா அளந்துச்சு. முதல் பத்து வருஷச் சுற்றுல மட்டும் நட்ட பக்கம் 16 சதவீதம் தண்ணி குறைஞ்சுது. அடுத்த சுற்றுல இன்னும் மோசம். மரம் நட்டு ஆத்தை வத்த வச்ச கதை.

2019-ல காவிரிப் படுகையில 242 கோடி மரம்னு பெரிய இயக்கம் கிளம்பிச்சு. விவசாயி நிலத்துல, விவசாயிக்கு வருமானம் வர்ற மரம்ங்கிற எண்ணம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ஆனா எண்ணிக்கையைத் தலைப்பா வச்சுட்டா, ஒழுங்கா ஒரு வரப்பு கட்டினவனையும் ஒரு புல்வெளியை அப்படியே விட்டு வச்சவனையும் எதுல எண்ணுவீங்க?

அப்போ என்னதான் பண்ணச் சொல்ற?

காசு குடுங்கன்னு சொல்றேன். அவ்வளவுதான். மேல கல்லு கட்டினா லாபம் யாருக்கு? எமரால்டு சரிவுல நின்ன மண்ணு, பில்லூர் அணையில சேறா சேராது. பில்லூர் தண்ணியைக் குடிக்கிறது கோயமுத்தூர். குடகுல ஓடை வத்தாம இருந்தா குடிக்கிறது பெங்களூர், மைசூர். மேட்டூரை நம்பி சேலம், ஈரோடு, திருச்சி, மொத்த டெல்டா. வீராணம் வழியா 2004-லிருந்து சென்னையும் இந்தக் கணக்குல உண்டு. செலவு ஒருத்தருக்கு, லாபம் ஊருக்கெல்லாம். இந்தக் கணக்கைத் தீர்க்காம 'விழிப்புணர்வு'ன்னு பேசறது, பந்தியில உக்காந்துக்கிட்டு சமையல்காரனுக்குத் தியாகத்தைப் பத்திப் பாடம் நடத்தற மாதிரி.

இது என் மூளையில உதிச்ச ஐடியா இல்லை. நியூயார்க் நகரத்துக்கு 200 கிலோமீட்டர் தள்ளி கேட்ஸ்கில் மலையிலருந்துதான் குடிதண்ணி வருது. 1990 வாக்குல நகரத்துக்கு ரெண்டு வழி இருந்துச்சு. கோடி கோடியா டாலர் கொட்டி சுத்திகரிப்பு ஆலை கட்டறது, இல்லேன்னா தண்ணி பிறக்கிற மலையைச் சுத்தமா வச்சுக்கறது. முதல்ல அதிகாரமா சட்டம் போடப் பார்த்தாங்க. விவசாயிங்க கொதிச்செழுந்தாங்க. ஒரு காலத்துல அவங்க ஊரையே மூழ்கடிச்சு அணை கட்டின நகரமாச்சே, நம்புவாங்களா? அப்புறம் உக்காந்து பேசினாங்க. பண்ணைக்குப் பண்ணை திட்டம் போட்டு, செலவை நகரம் ஏத்துக்கிச்சு. அந்தத் திட்டத்தை நடத்தறது விவசாயிங்களே முன்னால நிக்கற அமைப்பு. விருப்பப்பட்டு விக்கிறவங்ககிட்ட மட்டும் நகரம் நிலம் வாங்கும். 1997-ல பெரிய ஒப்பந்தமே போட்டாங்க. ஆலைச் செலவுல ஒரு பகுதிதான் ஆச்சு.

"அது பணக்கார ஊருப்பா"ன்னு சொல்லாதீங்க. சண்டிகர் பக்கத்துலயே நடந்திருக்கு. 1958-ல கட்டின சுக்னா ஏரி சேறு தட்டிப்போச்சு. மேல சுகோமாஜ்ரின்னு ஒரு குக்கிராமம், ஆடு மாடு மேய்ஞ்சு மலை மொட்டை. பி.ஆர்.மிஸ்ராங்கிற மண் விஞ்ஞானி அங்க போய்ப் பேரணி நடத்தலை. 1976-ல சின்னதா ஒரு மண் அணை கட்டி, அந்தத் தண்ணியை அந்த ஊருக்கே குடுத்தார். நிலம் இல்லாத வீட்டுக்கும் தண்ணியில பங்கு. வயல் விளைஞ்சுது, மலையில புல் வளர்ந்துச்சு, அந்தப் புல்லும் அவங்களுக்கே. மேய்ச்சலை ஊரே நிறுத்திக்கிச்சு. வேலி போடவே தேவைப்படலை. ஏரிக்குப் போற சேறும் பெரிய அளவுல குறைஞ்சுது.

நம்ம ஊருக்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். வீராணம் திட்டம் முழு அளவுல ஓடினா சென்னைக்கு நாளைக்கு 18 கோடி லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஒரே ஒரு ரூபாய் 'மேல்நிலக் கட்டணம்' வச்சா, நாளைக்கு 1.8 லட்சம், வருஷத்துக்கு 6.57 கோடி. மலைக்கு ஹெக்டேருக்கு 28,000-ங்கிற அரசு கணக்குப்படியே, வருஷத்துக்கு 2,300 ஹெக்டேருக்கு மேல வேலை நடக்கும். இது ஒரு ஊரோட ஒரு குழாய். இதுல பெங்களூர், கோயமுத்தூர், திருச்சி எல்லாம் சேர்த்துக்கோங்க. இருபது லிட்டர் கேனுக்கு வாய் பேசாம முப்பது நாப்பது ரூபாய் எடுத்து நீட்டறோம். ஆயிரம் லிட்டருக்கு ஒரு ரூபாய் குடுக்க நமக்கு வலிக்குமா?

பணம் மட்டும் போதாது, கூட மூணு விஷயம் வேணும். குத்தகைக்காரன் கட்டின வரப்புக்கு, அவன் போகும்போது இழப்பீடு. வளர்த்தவனுக்கே மரத்துல உரிமை. வரப்பு கட்டறதுக்கு மட்டும் இல்லாம, வருஷா வருஷம் பராமரிக்கிறதுக்கும் கூலி. இது மூணும் இல்லாம பணம் மட்டும் போனா, அதுவும் வெள்ளத்தோட போயிடும்.

இனி வரப்போற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்:

"தண்ணி விடாத கர்நாடகாக்காரனுக்கு நாம காசு குடுக்கணுமா?" வேண்டாம் சாமி. பெங்களூர்க்காரன் குடகுக்குக் குடுக்கட்டும், அதுல என் பில்லும் உண்டு. நாம முதல்ல நீலகிரிக்கும் கொல்லிமலைக்கும் சேர்வராயனுக்கும் குடுப்போம். அதுக்கு யார் வழக்கு போட்டுத் தடுத்தாங்க?

"காசு வாங்கிட்டு விவசாயி ஏமாத்துவான்." வரப்பு நிக்குதான்னு பார்த்துட்டுக் குடுங்க. வருஷா வருஷம். அணை மட்டத்தைத் தினமும் அளக்கத் தெரிஞ்ச நமக்கு இது முடியாதா?

"மழை பெஞ்சா மண்ணு கரையத்தான் செய்யும்." கரையும்தான். 2009 நவம்பர்ல நீலகிரியில 40 பேருக்கு மேல மண்ணுக்குள்ள போனப்பவும் மழைதான் காரணம்னு சொன்னாங்க. மழையை நிறுத்த முடியாது. அது விழற சரிவு எப்படி இருக்கணும்ங்கிறது நம்ம கையிலதான் இருக்கு.

அடுத்த தண்ணி பில் வரும்போது ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க. பம்பு, குழாய், கழிவுநீர்னு எது எதுக்கோ காசு வாங்கியிருப்பாங்க. அந்தத் தண்ணி பிறந்த சரிவுக்குன்னு ஒரு வரி இருக்கான்னு தேடுங்க. இருந்தா எந்த ஊர்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, அந்த ஊருக்கே குடி வந்துடறேன்.

டிஸ்கி: எமரால்டு அண்ணன் பேரைக் கேட்டு மெயில் போடாதீங்க. அவர் இதைப் படிக்க மாட்டார். கேரட்டுக்கு விலை என்னன்னு பார்க்க மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போயிருப்பார்.